மாட்சிமை தாங்கிய ஸ்ரேசன் மாஸ்டர்

ஒரு சர்வாதிகாரப் பேரரசு ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சியாக மாறிய அதிசயம் உலக சரித்திரத்தில் மிகச் சில இடங்களிலேயே நிகழ்ந்திருக்கிறது. அவற்றுள் தலையாயது 1986ஆம் ஆண்டு ஜூன் மாதம், டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் பின்தெருவில், வியாபாரம் படுத்துப்போன ஒரு பழைய ஹோட்டலில் நிகழ்ந்தது. இதே மாற்றத்துக்கு ஆங்கிலேயருக்குப் பல நூற்றாண்டுகளும் ஒரு அரசரின் தலையும் தேவைப்பட்டன. எஸ்பியர்க் தமிழருக்கோ ஒன்பது நாளும் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியும் போதுமாக இருந்தன.

இந்தப் புகழில் பெரும்பங்கு யேசுரட்ணத்துக்கு உரியது. மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கடதாசியில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பியவர். உயிர் தப்பி ஓடிவந்தபோது அவர் கொண்டுவந்த பையில் நான்கு சேட்டும் கடதாசிக்குத் துளை போடும் கருவி ஒன்றும் இருந்தன. எல்லைப் பொலிஸ் அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லாதது என்று முடிவுசெய்து திருப்பிக் கொடுத்தது. அது அவசரப்பட்டு எடுத்த முடிவு.

பேரரசு உருவான விதம் இது. அந்த ஹோட்டலில் தஞ்சம் கோரிய தமிழர் நாற்பத்தாறு பேரைத் தங்கவைத்திருந்தார்கள். நிர்வாகி திருமதி லூன் பகல் இரண்டு மணிக்கு வேலையை முடித்துச் சைக்கிளில் ஏறிவிடுவார். போகுமுன் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். முதல் நாள் சுற்றிவரப் பார்த்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்த ஒரே மனிதர் கனகசபை. கோர்வை அவர் கைக்குப் போனது. பேரரசுகள் இதைவிட அற்பமான காரணங்களாலும் தோன்றியிருக்கின்றன.

கனகசபை வடபகுதியில் முப்பது வருடம் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். சாம்ராஜ்யத்தை அவர் நேர அட்டவணையால் ஆண்டார். குளிப்புக்கு ஆளுக்கு ஏழு நிமிடம். பத்து நாற்பதுக்கு அரிசி உலையில் விழவேண்டும். படிக்கட்டு ஒடுக்கமானது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடறுப்படும் என்பதால் அதற்கு ஒற்றைத் தண்டவாளச் சட்டத்தைப் பிரயோகித்தார். ஒரு மர அகப்பையை நியமித்தார். அகப்பை கையில் உள்ளவரே படியில் ஏறலாம், இறங்கலாம். மற்றவர்கள் அது வந்து சேரும்வரை மேலேயோ கீழேயோ காத்திருக்க வேண்டும்.

"மாஸ்டர், அவசரமெண்டால்?" என்று கேட்டார் மூன்றாம் மாடியில் இருந்த இரத்தினசிங்கம். கழிவறை கீழ்மாடியில் மட்டுமே இருந்தது.

"அவசரம் எண்டுதான் ரெண்டு ரெயின் மோதுறது" என்றார் பேரரசர்.

தொலைபேசியும் அவர் ஆளுகைக்குள் இருந்தது. ஹோட்டலின் வரவேற்புக் கூண்டுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கறுப்புத் தொலைபேசி. வெளியிலிருந்து அழைப்பு வரும். இங்கிருந்து வெளியே அழைப்பு எடுக்க முடியாது. கனகசபை காலை முதல் அதன் பக்கத்திலேயே கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருப்பார். முதலாம் மணிக்கே தூக்கி, "எஸ்பியர்க்!" என்று ஏதோ ரயில் வந்து நிற்பதுபோலக் கூவுவார். பிறகு விசில் ஊதுவார். முதலாம் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு இரண்டு. எல்லோருக்கும் மூன்று நிமிடம். நான்காவது நிமிடம் பிறக்குமுன் தன் கையாலேயே இணைப்பைத் துண்டிப்பார். அங்கே தங்கியிருந்த யோகம்மா யாழ்ப்பாணத்துத் தங்கையிடம், "நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும், அண்டைக்கு உன்னோட சண்டை பிடிச்சது..." என்று தொடங்கிய வசனம் அப்படித்தான் அறுந்தது. தங்கையிடமிருந்து அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. பேரரசர் கேட்ட தொலைபேசிக் கதைகளின் சாரம் மட்டும் மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் இலவசமாக அறிவிக்கப்பட்டு வந்தது.

அவருடைய அந்தரங்கச் செயலாளர் யேசுரட்ணம். கட்டளைகளை எழுதி, துளை போட்டு, கடதாசிக் கோவையில் சேர்ப்பது அவர் பொறுப்பு. சந்தோஷமாக இருந்தார். அவருக்கு ஆட்சிமுறை எதுவென்பது பொருட்டல்ல. கோவை இருந்தால் போதும்.

புரட்சியைத் தொடக்கியவர் டேனிஷ் மொழி ஆசிரியை பிர்கித்த. இன்றும் அவருக்கு அது தெரியாது. ஜூன் நான்காம் திகதி வகுப்பில், நாளை ஏன் விடுமுறை என்று விளக்க முற்பட்டார். மாணவர்களுக்கு அப்போது தெரிந்த டேனிஷ் கடையில் பாண் ரொட்டி வாங்கவே போதாது. ஆகவே கரும்பலகையில் பெரிய மணிமுடி ஒன்றை வரைந்து, பக்கத்தில் சின்னச் சின்ன மனிதரை வரைந்தார். அதை அழித்துவிட்டு ஒரு பெரிய புத்தகம் வரைந்து, அதன் கீழே சின்ன மணிமுடியை வரைந்தார். 1849, என்றார். இரத்தம் இல்லை, என்றார். கைதட்டினார்.

சட்டக் கல்லூரியில் ஆறு மாதம் படித்த அந்தோனிதாசன் அந்தப் படங்களை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தான்.

"அந்த ராசாவைப் பிறகு என்ன செய்தவை?" என்று கவலையோடு கேட்டார் யோகம்மா.

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. அவர் பாட்டுக்கு ராசாவாவே இருந்தவராம். இனி விடியக்காலமை நேரத்தோட எழும்பத் தேவையில்லை எண்டு சந்தோசப்பட்டவர் எண்டும் ஒரு கதை."

"ஐயோ, நல்ல மனுசன்."

"அந்த ராசாவின்ர தேப்பன் தங்கட தரங்கம்பாடியை இங்கிலீஸ்காரனுக்கு வித்துப்போட்டார். மகன் அதிகாரத்தையும் விட்டுப்போட்டார்" என்று எழுந்து நின்றான் அந்தோனிதாசன். "இவையள் நூற்று முப்பத்தேழு வருசத்துக்கு முன்னமே விடுதலை. நாங்கள் கழிவறைக்குப் போக அகப்பை பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்!"

மறுநாள், அரசியலமைப்புத் தினத்தன்று, புரட்சி மூன்றாம் மாடியிலிருந்து புறப்பட்டது. முழு ஊர்வலமும் கீழ்மாடியில் பேரரசரின் பதினோராம் இலக்க அறைக்கு இறங்கவேண்டும். ஆனால் அகப்பை ஒன்றுதான். அந்தோனிதாசன் அகப்பையோடு இறங்கினான். பிறகு அதைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். மேலேயிருந்து அடுத்த புரட்சியாளர் இறங்கினார். இப்படி முப்பத்தெட்டுப் பேரும் ஒழுங்காக இறங்கி முடிய ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. சட்டத்தை மீறி இறங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. யேசுரட்ணம் மாடிப்படியின் கீழே நின்று வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டார்.

கனகசபை கதவைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"இதைத்தானே நானும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். "என்ர வயசுக்கு இந்த விசிலை ஊதி ஊதி நெஞ்சு நோகுது. அரசியலமைப்பைக் கொண்டாங்கோ. எங்கை கையெழுத்து?"

அரசியலமைப்பு அதுவரை எழுதப்படாதிருந்ததால் எல்லோரும் யேசுரட்ணத்தைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் அவர் உடம்பெல்லாம் புல்லரித்தது. கச்சேரியில் சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதியே காலம் கழித்த ஒரு மனிதரிடம் ஒரு சாம்ராஜ்யம் வந்து, எழுது, என்று கேட்கிறது.

ஒன்பது நாளில் அறுபத்துமூன்று பிரிவுகள் எழுதினார். மன்னர் "வீற்றிருப்பார், ஆளமாட்டார்". படிக்கட்டு சகல மக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பத்தொன்பது அமைச்சுகள் நிறுவப்பட்டன. துணி தோய்க்கும் இயந்திரத்துக்கு மட்டும் இரண்டு, ஏனென்றால் அதில் தண்ணீர் ஒரு பக்கமும் மின்சாரம் மறுபக்கமும் போனது. யேசுரட்ணம் பிரதம மந்திரியானார். அந்தோனிதாசன் எதிர்க்கட்சித் தலைவரானான். வலது காது மந்தமான இரத்தினசிங்கம் சபாநாயகரானார். அவருக்கு எவர் பேசுவதும் சரியாகக் கேட்காது என்பதால் நடுநிலைமை உத்தரவாதமாக இருந்தது. மேசையில் தட்டுவதற்குச் சமையலறையிலிருந்து இறைச்சி தட்டும் மரச் சுத்தியல் ஒன்று கொடுத்தார்கள்.

மகுடம் வைத்தாற்போல் அமைந்தது தொலைபேசி பற்றிய நாற்பத்தோராம் பிரிவு. இனி எந்தத் தனிமனிதனும் அதை ஆளக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். ஆகவே கூண்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒன்றின் திறப்பு பிரதம மந்திரியிடம், மற்றதின் திறப்பு எதிர்க்கட்சித் தலைவரிடம். இருவரும் சேர்ந்து நின்றால் மட்டுமே கதவு திறக்கும். "அதிகாரத் துஷ்பிரயோகத்துக்கு இனி வழியே இல்லை" என்று யேசுரட்ணம் பெருமையோடு சொன்னார். அது முற்றிலும் உண்மை. பிரயோகத்துக்கும் வழி இருக்கவில்லை.

செய்தி கேட்டுப் பிர்கித்த கண் கலங்கிவிட்டார். ஸ்ட்ரோபெரி வைத்த கேக் ஒன்று செய்து கொண்டுவந்தார். திருமதி லூன் இரண்டு பூட்டையும் பார்த்துத் தலையாட்டி, "டெமொக்ராட்டி!" என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்குச் சைக்கிளில் ஏறினார். மன்னர் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு மத்தியான நித்திரைக்குப் போனார். அதன் பிறகு அவரைப் பின்னேரத் தேநீருக்கு முன் யாரும் கண்டதில்லை.

மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் மீன்மா ஆலையின் நாற்றம் வரும் அறையில், பவளராணி என்ற இளம்பெண் நான்கு வயது மகளோடு இருந்தாள். புருசன் யோசேப் மேற்கு பெர்லினில் அகப்பட்டுப் போயிருந்தான். அவன் இருந்த விடுதிக்குத் தொலைபேசி கிடையாது. புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குத் தெருக் கூண்டிலிருந்து இங்கே எடுப்பான். பேரரசின் காலத்தில் மூன்று மணிக்கு விசில் மூன்று தரம் கேட்கும். அவள் மகளை இடுப்பில் தூக்கி, அகப்பையோடு ஓடிவருவாள். மூன்று நிமிடம் அழுதுவிட்டுப் போவாள்.

அரசியலமைப்பு வந்த பிறகு முதலாவது புதன்கிழமை தொலைபேசி அடித்தபோது பிரதம மந்திரி டேனிஷ் வகுப்பில் இருந்தார். இரண்டாவது புதன்கிழமை எதிர்க்கட்சித் தலைவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். இரண்டு தரமும் அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது. அவள் அதை யேசுரட்ணத்திடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள்.

"'ஜேர்மனியில இருந்து கனடாவுக்குக் கப்பல் ஒண்டு போகுதாம். எனக்கும் ஒரு இடம் இருக்காம். வியாழக்கிழமை முடிவு சொல்லவேணும். டென்மார்க்கிலயும் சட்டத்தை இறுக்கப் போகினமாம் எண்டு கதைக்கினம். ரெண்டு புதனும் எடுத்தன், நீ வரேல்லை. என்னில கோவமோ? இந்தப் புதன் மூண்டு மணிக்கு எடுப்பன். நீ வா எண்டால் வாறன். ஒருத்தரும் போனைத் தூக்காட்டிக் கப்பல்ல ஏறுவன்.'" அவள் கடிதத்தை மடித்தாள். "அண்ணை, இவருக்கு நீந்தவும் தெரியாது."

யேசுரட்ணத்தின் மனம் இளகிப் போனது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கச்சேரியிலும் எத்தனையோ விதவைகளின் விண்ணப்பங்களை நல்ல மனதோடுதான் கோவையில் போட்டிருக்கிறார்.

"பயப்பிடாதை பிள்ளை. இதுக்கெண்டுதானே அரசியலமைப்பு எழுதினனாங்கள். ஒரு மனுப் போடு. நான் அண்டைக்கு மூண்டு மணிக்குத் திறப்போட நிப்பன்."

"மற்றத் திறப்பு?"

"அது அந்தோனிதாசன்ர கடமை. கடமையைப் பற்றி இருபத்தேழாம் பிரிவில எழுதியிருக்கு."

மனு திங்கட்கிழமையே தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு செவ்வாய்க்கிழமை கூடி அதை அனுதாபத்தோடு பரிசீலித்து, புதன்கிழமை பாராளுமன்றத்துக்குச் சிபாரிசு செய்தது. இத்தனை வேகத்தை யேசுரட்ணம் தன் உத்தியோக வாழ்க்கையில் கண்டதில்லை.

புதன்கிழமை இரண்டரை மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் பாராளுமன்றம் கூடியது. அங்கிருந்து பார்த்தால் வரவேற்புக் கூண்டு பத்து அடி தூரம்; கண்ணாடிக்குள் தொலைபேசி தெரியும். நிகழ்ச்சி நிரலில் முதலாவது விடயம் மன்னரின் விசில்: அது நிர்வாக அதிகாரமா, வெறும் அலங்காரமா? அலங்காரம் என்றால் ஊதலாமா? இரண்டாவது விடயம் பவளராணியின் மனு.

விசிலில் தொடங்கிய வாதம் சூடேறியது. இரண்டு ஐம்பதுக்கு அந்தோனிதாசன் மேசையில் அடித்து, "ஊதுற விசில் எல்லாம் சர்வாதிகாரம்! இந்த அவையில இனி ஒரு நிமிசமும் இருக்கமாட்டம்!" என்று முழங்கினான். எதிர்க்கட்சி முழுவதும் எழுந்து வெளிநடப்புச் செய்தது. வெறுமனே வாசலுக்கு அல்ல. கொள்கையில் உறுதியானவர்களாதலால் துறைமுகம்வரை போய்விட்டார்கள். திறப்பு அந்தோனிதாசனின் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

யேசுரட்ணம் எஞ்சியவர்களை எண்ணினார். முப்பத்தொரு பேர். கோரம் இருந்தது. அவை நடத்தத் தேவையான ஆட்தொகைக்குக் குறைவில்லை; கூட்டத்தைத் தொடரலாம்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே மகளோடு நின்ற பவளராணி திரும்பினாள். "அண்ணை!"

யேசுரட்ணம் ஓடிப்போய்த் தன் பூட்டைத் திறந்தார். மற்றப் பூட்டு அசையவில்லை. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. எண்ணுவது அவருக்குப் பழகிய தொழில், விரும்பாவிட்டாலும் எண்ணினார்.

"மாஸ்டரை எழுப்புங்கோ!" என்று யோகம்மா கத்தினார்.

பதினோராம் இலக்க அறைக் கதவு திறந்தது. மன்னர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார். விழிகள் தொலைபேசிக்குப் போயின. முப்பது வருடப் பழக்கத்தில் வலது கை தானாக உயர்ந்து, பிறகு மெல்லத் தாழ்ந்தது.

"மாஸ்டர் ஐயா, நீங்கள் ராசாதானே? உடைக்கச் சொல்லுங்கோ!" என்றாள் பவளராணி.

"நான் சொல்லேலாது பிள்ளை" என்றார் கனகசபை. "மந்திரி ஆலோசனை சொன்னால்தான் நான் வாய் திறக்கலாம். நீங்கள்தானே எழுதினீங்கள்?"

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். மந்திரி சீ.ஆர். கொப்பியைப் புரட்டினார். மணி பதினாறு. பதினேழு. கதவை உடைப்பதைப் பற்றி எந்தப் பிரிவிலும் இல்லை.

"அவையில் ஒழுங்கு தேவை!" என்று இரத்தினசிங்கம் சுத்தியலால் தட்டினார். அவருடைய வலது காதுக்கும் இப்போது மணி கேட்டுவிட்டது. "அந்தச் சத்தம் அவையின் அனுமதி பெறாதது. அதைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்குகிறேன்."

"நீங்கள் நீக்குங்கோ" என்றாள் பவளராணி. "அது அடிக்குது."

மகளை யோகம்மாவின் கையில் கொடுத்தாள். மண்டபத்துக்குள் வந்தாள். சபாநாயகரின் கையிலிருந்த சுத்தியலைப் பறித்துக்கொண்டு திரும்பிப் போய், கூண்டுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். முதலாம் அடிக்கு வெடித்தது. இரண்டாம் அடிக்குக் கொட்டியது. இருபத்தாறு. உடைந்த விளிம்புக்கு மேலால் உடம்பை வளைத்துக் கையை நீட்டினாள், எட்டவில்லை. இருபத்தேழு. வயிற்றைச் சட்டத்தில் அழுத்தி இன்னும் நீட்டினாள். இருபத்தெட்டாவது மணி பாதியில் நின்றது. அவள் தூக்கிவிட்டாள்.

"வாங்கோ!" என்று கத்தினாள். "கப்பல் வேண்டாம், இஞ்ச வாங்கோ! உடன வாங்கோ! கேக்குதோ? இஞ்சாருங்கோ, கேக்குதோ?"

அந்தப் பக்கம் காசு விழும் சத்தமும் ஒரு இரைச்சலும் கேட்டன. பிறகு வெறும் ஊதல். அவன் கேட்டானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவள் முழங்கையிலிருந்து சொட்டிய இரத்தம் தொலைபேசியிலும், மேசையிலும், கூண்டின் தரையிலும் விழுந்தது. "ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாத" என்று யேசுரட்ணம் தன் முகவுரையில் எழுதிய வசனத்தை அந்த மாதக் கடைசியில் திருத்தவேண்டி வந்தது. ஒரு அடிக்குறிப்புச் சேர்த்தார்.

எதிர்க்கட்சி ஐந்து மணிக்குத் துறைமுகத்திலிருந்து வெற்றியோடு திரும்பி வந்து, உடைந்த கண்ணாடியைக் கண்டு, அரசியலமைப்பின்மீது நடந்த இந்தத் தாக்குதலைக் கண்டித்தது. ஆளும் கட்சியும் கண்டித்தது. இரு தரப்பும் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே பிரேரணை அதுதான். பவளராணியை விசாரிக்க ஏழு பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று அமைந்தது.

மறுநாள் காலை திருமதி லூன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இங்கே பொறுப்பானவர் யார் என்று கேட்டார். அந்தோனிதாசன் மொழிபெயர்த்தான். சபாநாயகர் பிரதம மந்திரியைக் காட்டினார். பிரதம மந்திரி மன்னரைக் காட்டினார், சகலதும் அவர் பெயரிலேயே நடப்பதால். மன்னர் மண்டபத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார், சகல அதிகாரமும் மக்களுடையது என்பதால். மக்கள் சுவரில் ஒட்டியிருந்த அறுபத்துமூன்று பிரிவுகளைக் காட்டினார்கள்.

"யாய்" என்றாள் பவளராணி. நான் என்பதற்கான அந்த டேனிஷ் சொல்லை அவள் வகுப்பில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். "யாய்."

திருமதி லூன் அவளை நெடுநேரம் பார்த்தார். இரண்டு பூட்டையும் கழற்றுவித்தார். திறப்புக் கோர்வையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பத்து நாள் அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கு அழைப்பு வந்தாலும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். விசில் இல்லை, நிமிடக் கணக்கும் இல்லை. யோகம்மாவின் தங்கைகூட ஒருநாள் எடுத்தாள். யோசேப் எடுக்கவில்லை. புதன்கிழமை மூன்று மணி வந்தது, போனது. யேசுரட்ணம் அந்தப் பக்கமாக நடப்பதைத் தவிர்த்தார். இரவில் படுத்தால் அவருக்குள் ஒரு மணி அடித்தது; ஒவ்வொரு தடவையும் இருபத்தெட்டில் நின்றது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லைப் பொலிசின் கடதாசியோடு, ஒரு பிளாஸ்டிக் பையோடு, தாடி வளர்ந்த ஒருவன் வாசலில் வந்து நின்றான். மகளுக்கு அவனைத் தெரியவில்லை. பவளராணி கதிரையைவிட்டு எழும்பவில்லை. அவன்தான் வந்து அவள் முன்னால் முழங்காலில் உட்கார்ந்தான். பாராளுமன்றம் எழுந்து நின்று கைதட்டியது. மன்னர் நித்திரை விட்டு வந்து ஆசீர்வதித்தார். அந்தோனிதாசன் வரவேற்புரை ஆற்றினான். ஆணைக்குழு பெருந்தன்மையோடு தன் விசாரணையை ஒத்திவைத்தது.

பின்னேரம் தேநீர் குடிக்கும்போது யோசேப் யேசுரட்ணத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சுவரில் இருந்த பிரிவுகளை மரியாதையோடு வாசித்தான்.

"நீங்கள்தான் இதெல்லாம் எழுதினதெண்டு சொல்லிச்சினம் அண்ணை. பெரிய வேலை."

"ஏதோ, எங்களால முடிஞ்சது, தம்பி."

யோசேப் கோப்பையைக் கையில் வைத்து உருட்டினான். "அண்டைக்கு நான் மணியை எண்ணிக்கொண்டு நிண்டனான். இருபது தாண்டவே கப்பல்தான் எண்டு முடிவெடுத்திட்டன். போனைச் சும்மா கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டன், அப்பத்தான் 'வாங்கோ' எண்டு கேட்டது." பிறகு குற்றம் சாட்டாமல், அறிந்துகொள்ளும் ஆவலில் மட்டும் கேட்டான்: "ஏன் அண்ணை, அந்த நேரம் போனுக்குக் கிட்ட ஒருத்தருமே இல்லையோ?"

யேசுரட்ணம் தேநீரைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் ஒருநாளும் பிழையான எண்ணிக்கை கொடுத்ததில்லை.

"முப்பத்தொரு பேர் நிண்டம், தம்பி" என்றார். "கோரம் இருந்தது."